மரினா பேயின் நீல வானம்: இருபது நிமிடக் கணக்கு

அஞ்சலட்டை விற்கும் கடை ஒன்றில் நின்று சிங்கப்பூரின் மரினா பே படங்களைப் புரட்டிப் பாருங்கள். கோபுரங்கள் ஒளிர்கின்றன, தண்ணீரில் பொன்னிறக் கோடுகள் நீள்கின்றன. இரவுக் காட்சி என்று சொல்லிவிடுவோம். ஆனால் வானத்தைக் கவனித்தால் அது பெரும்பாலும் கறுப்பாக இருப்பதில்லை, அடர்ந்த நீலமாக இருக்கும். நகரங்களின் நல்ல இரவுப் படங்களில் பல, இரவு வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டவை. சூரியன் மறைந்தபின் கிடைக்கும் அந்தச் சிறு இடைவேளையைப் புகைப்படக்காரர்கள் நீல நேரம் என்பார்கள். அது எப்போது வரும், எவ்வளவு நீடிக்கும், ஏன் நீலமாக இருக்கிறது என்பவற்றில் கேமராவின் விலைக்கு எந்தப் பங்கும் இல்லை.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1.3 பாகை வடக்கே இருக்கிறது. அதனால் இங்கே சூரியன் மாலையில் தொடுவானத்தை நோக்கி ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகிறது. லண்டனிலோ அது சாய்வாகச் சறுக்கிக்கொண்டு போகும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், செங்குத்தாக இறங்கும் சூரியனுக்கு ஒரு பாகையைக் கடக்க 4 நிமிடம் போதும். அந்தியின் முதல் கட்டம் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்வரை நீடிப்பதாக வானியலில் கணக்கிடுவார்கள். சூரியன் மறையும் கணத்திலேயே அதன் நடுப்புள்ளி ஏறத்தாழ ஒரு பாகை கீழே போயிருப்பதால், சிங்கப்பூரில் அதற்கு 21 முதல் 23 நிமிடம் ஆகும். ஜூன் மாத லண்டனில் அதே கட்டம் 45 நிமிடத்தைத் தாண்டும்.

இந்த வேகத்தை வெளிச்சத்தின் அளவாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மேகமற்ற வானில் சூரியன் மறையும் நேரத்தில் தரையில் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். அந்தியின் முதல் கட்டம் முடியும்போது அது 3 அல்லது 4 லக்ஸாகச் சுருங்கிவிடும். அதாவது நூறில் ஒரு பங்கு. இதை இருபத்தொரு நிமிடத்தில் பரப்பினால், சராசரியாக 3 நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் பாதியாகிறது. தொடக்கத்தில் மெதுவாகவும் முடிவில் வேகமாகவும் குறையும். முக்காலியை விரித்து, லென்ஸைத் தேடி, பக்கத்தில் நிற்பவரிடம் இடம் கேட்டு முடிப்பதற்குள் முதலில் போட்ட கணக்கு பொய்யாகிவிடும். ஐரோப்பியப் பயிற்சி நூல்களைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே தடுமாறுவதற்குக் காரணம் இதுதான்.

ஆண்டு முழுவதும் பகலின் நீளம் இங்கே பத்து நிமிடம்கூட மாறுவதில்லை. ஆகவே சூரியன் மறையும் நேரமும் மாறாது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தீபாவளிக்குச் சிராங்கூன் சாலை அலங்கார விளக்குகளைப் படமெடுக்கப் போகிறவர், மாலை 6.50 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடுவதைப் பார்ப்பார். அவரே தைப்பூசத்தன்று போனால் 7.15 மணிக்கு மேல்தான் மறையும். பகல் நீளாமலே ஏறத்தாழ அரை மணி நேர வித்தியாசம். பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது, அதன் பாதையும் முழு வட்டம் அல்ல. இரண்டும் சேர்ந்து, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை நமது கடிகாரத்துக்கு முன்னும் பின்னும் தள்ளுகின்றன. நவம்பர் தொடக்கத்தில் அது 16 நிமிடம் முந்திவரும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்திவரும். சராசரியாகவே ஏழு மணியைத் தாண்டி அந்தி வருவதற்குக் காரணம் வேறு: 1982 ஜனவரி 1ஆம் தேதி சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. தீர்க்கரேகைப்படி பார்த்தால் இங்கே உச்சிப்பொழுது பகல் 1.05 மணியை ஒட்டி வருகிறது. அலுவலகம் விட்டு வந்து படமெடுப்பவர்களுக்கு அந்த முடிவு ஒரு கொடை.

இனி நீலம். பகல் வானம் ஏன் நீலம் என்றால், காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைநீளமுள்ள நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன என்று பள்ளியிலேயே படித்திருப்போம். 450 நானோமீட்டர் நீல ஒளி, 650 நானோமீட்டர் சிவப்பைப்போல நான்கு மடங்குக்கு மேல் சிதறும். அந்தி நீலத்துக்கும் அதே விளக்கம் போதும் என்றுதான் நெடுநாள் கருதினார்கள். அது போதாது. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே இருக்கும்போது அதன் ஒளி வளிமண்டலத்தைக் குறுக்காக, மிக நீண்ட தொலைவு துளைத்துக்கொண்டு வருகிறது. வழியிலேயே நீலத்தின் பெரும்பகுதி சிதறித் தீர்ந்துவிடும். எஞ்சுவது மஞ்சளும் சிவப்பும். அந்த ஒளிதான் நம் தலைக்கு மேலுள்ள காற்றில் பட்டுச் சிதறுகிறது என்றால், உச்சி வானம் மங்கிய மஞ்சள் கலந்த சாம்பல் நிறமாக அல்லவா இருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு 1953இல் கணக்குப்போட்டு விடை சொன்னவர் அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் ஹல்பர்ட். காரணம் ஓசோன். இந்த வாயு புற ஊதாக் கதிரைத் தடுப்பது எல்லோருக்கும் தெரியும். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும், 600 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பகுதியைச் சிறிதளவு விழுங்குகிறது. இந்த உறிஞ்சலை 1880இல் கண்டறிந்தவர் பிரான்ஸின் ஜேம்ஸ் ஷப்பூயி. பகலில் இதன் விளைவு நம் கண்ணுக்குப் படாது, ஏனென்றால் வானிலுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்தில் சேர்த்தால் 3 மில்லிமீட்டர் தடிமன்தான் தேறும். அந்தியில் நிலைமை வேறு. தாழ்ந்த சூரியனின் ஒளி ஓசோன் அடுக்கைச் சாய்வாக, பல மடங்கு நீண்ட பாதையில் கடக்கிறது. அந்தப் பாதையில் மஞ்சளும் ஆரஞ்சும் உண்ணப்பட்டுவிட, உச்சி வானத்துக்கு நீலம் மிஞ்சுகிறது. சூரியன் மறையும் கணத்தில் உச்சி வானத்து நீலத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓசோனால் வருகிறது என்றும், அந்தி முற்றும்போது ஏறக்குறைய முழுவதும் அதனால்தான் என்றும் ஹல்பர்ட் காட்டினார். பகலின் நீலமும் அந்தியின் நீலமும் ஒரே பெயரில் உலவும் இரண்டு வெவ்வேறு சங்கதிகள்.

சூரியன் 4 பாகை இறங்கும்போது இந்த நீலம் நன்றாகப் பிடிக்கத் தொடங்கும், 8 பாகைக்குள் வடிந்துவிடும். கடிகாரத்தில், சூரியன் மறைந்து 13ஆம் நிமிடத்திலிருந்து ஏறத்தாழ 28ஆம் நிமிடம்வரை.

இந்த நிமிடங்கள் கேமராவுக்கு ஏன் இத்தனை தோதானவை? சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் மழையில் வைத்த கிண்ணம்போல ஒளித்துகள்களைச் சேர்க்கிறது. நிரம்பிவிட்டால் அதற்குமேல் வருவதெல்லாம் வழிந்துபோகும், அந்த இடம் வெறும் வெள்ளையாகும். மிகக் குறைவாக விழுந்தாலும் தொல்லைதான்: 100 துகள் விழும் இடத்தில் இயல்பான ஏற்றத்தாழ்வு 10, அதாவது பத்து விழுக்காடு. 10,000 விழுந்தால் அது ஒரு விழுக்காடாகிவிடும். நிழலில் தெரியும் பொறிப்பொறியான இரைச்சல் இதனால்தான் வருகிறது. நல்ல சென்சார் ஒன்று, மிக இருண்ட இடத்துக்கும் மிக ஒளிர்ந்த இடத்துக்கும் இடையே, ஒளி பதினான்கு முறை இரட்டிப்பாகும் அளவு வித்தியாசம்வரை தாங்கும். நள்ளிரவு மரினா பே அதையும் மீறும், விளக்குக்கும் வானத்துக்கும் இடையே அவ்வளவு தூரம். பகலிலோ விளக்கு எரிவதே தெரியாது. நடுவில் சில நிமிடங்கள், வானத்தின் ஒளியும் கட்டடங்களின் ஒளியும் கைக்கெட்டும் தொலைவில் வருகின்றன. ஒரே சொடுக்கில் இரண்டும் பதிவாகும். பல வெளிச்ச அளவுகளில் எடுத்துக் கணினியில் ஒட்டும் முறையும் உண்டு. அளவாகச் செய்தால் நல்லது. ஆனால் நிழலே இல்லாத, பிளாஸ்டிக் பூசியதுபோன்ற படங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன என்பது என் எண்ணம்.

எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பதும் கணக்கில் சேரும். மெர்லயன் பூங்காவில் நின்று மரினா பே சாண்ட்ஸைப் பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் மறைகிறது. கிழக்கு வானம் முதலில் இருளும். தெளிவான நாளில் அந்த மூன்று கோபுரங்களுக்குப் பின்னால் சாம்பல் நீலப் பட்டை ஒன்று எழும்பும், அதற்குமேல் இளஞ்சிவப்பு. அந்தச் சாம்பல் நீலம், வளிமண்டலத்தின்மீது விழும் பூமியின் நிழல். எதிர்க்கரையில் நின்று ராபிள்ஸ் பிளேஸ் அலுவலகக் கோபுரங்களைப் பார்த்தால் மேற்கு வானம், அது பல நிமிடம் கூடுதலாக ஒளிரும். ஒரே மாலையில் இரண்டு பக்கமும் எடுக்க ஆசைப்பட்டு எஸ்பிளனேட் வழியாக ஓடுவது வீண். சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் நீலத்தின் நல்ல பகுதி கடந்துவிடும்.

தண்ணீரின் பங்கையும் சொல்ல வேண்டும். 2008இல் மரினா அணை திறக்கப்பட்டபின் விரிகுடா நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. கடலின் ஏற்ற வற்றம் உள்ளே வராது, நீர்மட்டமும் பெரிதாக மாறாது. செங்குத்தாகப் பார்த்தால் நீர் 2 விழுக்காடு ஒளியைத்தான் திருப்பி அனுப்பும், நீர்ப்பரப்பை ஒட்டி 5 பாகையில் பார்த்தால் பாதிக்குமேல். எனவே மேம்பாலத்தைவிடக் கரையோரப் படிக்கட்டில் தாழ நின்றால் பிரதிபலிப்பு அதிகம். சிற்றலைகளின் சரிவுகள் ஒவ்வொரு விளக்கையும் பக்கவாட்டில் பரப்புவதைவிட நம்மை நோக்கி நீட்டுவதால்தான் பொன் கோடுகள் செங்குத்தாக விழுகின்றன. பத்து வினாடி திறந்துவைத்தால் அலைகள் சராசரியாகி, அந்தக் கோடுகள் பட்டாகிவிடும்.

கெடுப்பவை இரண்டு. ஒன்று புகைமூட்டம். சுமத்ராவிலிருந்து வரும் புகைத்துகள்கள் ஒளி அலையின் அளவை ஒட்டியவை, எல்லா நிறங்களையும் ஏறத்தாழச் சமமாகச் சிதறடித்து நீலத்தை வெளிறச் செய்யும். மாலை மழை அடித்து ஓய்ந்த நாள்கள் அதற்கு நேர்மாறு. மற்றொன்று பனித்திரை. இங்கே காற்றின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை 24 பாகை செல்சியஸை ஒட்டியது. குளிரூட்டிய எம்ஆர்டி ரயிலிலிருந்து 23 பாகை லென்ஸோடு வெளியே வந்தால், கண்ணாடி உடனே வேர்க்கும். துடைத்தால் மறுபடி வேர்க்கும். மூடிய பையிலேயே அது வெளிச்சூட்டுக்கு வரும்வரை விட்டுவைப்பதுதான் வழி.

எட்டு மணிக்குப்பின் வானம் கறுப்பதும் இல்லை. நகரின் ஒளி மேகத்தில் பட்டு மண்ணிறமாகத் திரும்புகிறது. கண் முழு இருட்டுக்குப் பழக முடியாத அளவு ஒளிர்ந்த வானத்தின்கீழ் சிங்கப்பூர் மக்கள் அனைவரும் வாழ்கிறார்கள் என்று 2016இல் வெளியான உலக ஆய்வு ஒன்று கணக்கிட்டது. மாலையைத் தவறவிட்டவர்களுக்கு விடியல் இருக்கிறது. அதே பாகைகள், அதே ஓசோன், தலைகீழ் வரிசையில். சூரியன் எழுவதற்கு அரை மணி முன்பே இடம் பிடித்துவிட வேண்டும். காற்று அப்போது பொதுவாக அடங்கியிருக்கும், கூட்டமும் குறைவு. அலுவலகக் கோபுரங்களில் பல மாடிகள் இருண்டிருக்கும் என்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.