மெமரி ஹாட்பிளக்: தப்பு நடக்கும் இடம் ஒன்று, கிராஷ் ஆகும் இடம் வேறு

"ஓடிக்கொண்டிருக்கும் விஎம்முக்கு (விர்ச்சுவல் மெஷினுக்கு) மெமரி கூட்டிவிட்டேன், ஆனால் மெமரி அளவைக் காட்டும் ஃப்ரீ கமாண்டில் ஏறவே இல்லையே?" இயந்திரத்தை நிறுத்தாமலேயே மெமரி சேர்க்கும் ஹாட்பிளக் பற்றி என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இப்படித்தான் ஆரம்பிக்கும். பெரும்பாலும் அது பக் இல்லை. லினக்ஸில் மெமரியைச் சேர்ப்பது ஒரு வேலை, அதை ஆன்லைன் ஆக்குவது, அதாவது பயன்பாட்டுக்குத் திறந்துவிடுவது, வேறு வேலை. லினக்ஸின் மையமான கெர்னல் தன் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில், அந்த மெமரி பிளாக்கின் ஸ்டேட் கோப்பைத் திறந்து பாருங்கள். ஆஃப்லைன் என்று இருந்தால் அதை ஆன்லைன் ஆக்க வேண்டியதுதான். தானாக ஆன்லைன் ஆகும்படி கெர்னலிலோ, சாதனம் சேரும்போது இயங்கும் யுடெவ் விதியிலோ அமைத்தும் வைக்கலாம்.

உண்மையான தலைவலி சேர்க்கும் கட்டத்தில் இருக்கிறது. நிலத்துக்குப் பட்டா மாதிரி, மெமரியின் ஒவ்வொரு 4 கேபி துண்டுக்கும், அதாவது பேஜுக்கும், கெர்னல் ஸ்ட்ரக்ட் பேஜ் என்ற ஒரு விவரப் பதிவை வைத்திருக்கும். பொதுவாக அதன் அளவு 64 பைட். பேஜ்களைக் கெர்னல் செக்‌ஷன் என்ற பெரிய தொகுதிகளாகக் கையாளும். எக்ஸ்86-64 பிராசஸர்களில் ஒரு செக்‌ஷன் 128 எம்பி. அதில் 32,768 பேஜ்கள், அவற்றின் விவரத்துக்கு மட்டும் 2 எம்பி. இந்த 2 எம்பி வழக்கமாக ஏற்கெனவே இருக்கும் மெமரியிலிருந்துதான் எடுக்கப்படும். ஆகவே மூச்சுத் திணறும் நிலையில் இருக்கும் சின்ன விஎம்முக்கு ஒரேயடியாகப் பெரிய மெமரியைக் கூட்டினால், கூட்டுவதற்கே மெமரி போதாமல் போகலாம்.

அப்புறம், அந்த ஸ்ட்ரக்ட் பேஜ்கள் எல்லாவற்றிலும் சரியான மதிப்புகள் எழுதப்பட்டனவா? முன்பு பூட் சமயத்தில் இந்த இடம் முழுவதும் பூஜ்யமாக்கப்பட்டது. பெரிய இயந்திரங்கள் சீக்கிரம் பூட் ஆகட்டும் என்று 4.15 கெர்னலில் அதை நிறுத்தினார்கள். அதுவரை பூஜ்யத்தின் புண்ணியத்தில் தப்பித்துக்கொண்டிருந்த குறைகள் அதன் பிறகு ஒவ்வொன்றாகத் தலைகாட்டின.

அதில் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். ஐபிஎம்மின் எஸ்390 மெயின்ஃபிரேமில் அப்போது செக்‌ஷன் அளவு 256 எம்பி. பூட் அளவுருவில் மெமரியை 2050 எம்பி என்று வரையறுத்தால் எட்டு செக்‌ஷன் நிறைந்து, ஒன்பதாவதில் 2 எம்பி மட்டும் விழும். மீதி 254 எம்பிக்கான ஸ்ட்ரக்ட் பேஜ்களை யாரும் தொடவில்லை. இயந்திரம் சாதாரணமாக பூட் ஆகிவிடும். யாராவது சிஸ்எஃப்எஸ்ஸில் அந்த பிளாக்கைக் கழற்ற முடியுமா, எந்த ஜோனில் (கெர்னல் பேஜ்களைப் பிரித்து வைக்கும் பகுதியில்) சேரும் என்று வாசிக்கப் போனால்தான், டிபக் கெர்னலில் பேனிக், அதாவது கெர்னலே நின்றுவிடும். மெமரி பிளாக்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்மெம் கமாண்ட் வாசிக்கும் அதே கோப்புகள்தான். கிராஷ் ஆனபோது ஓடிய ஃபங்ஷன்களின் பட்டியலான கால் ட்ரேஸில் தெரிவது கோப்பை வாசித்த ஃபங்ஷன். தப்பு நடந்ததோ பூட் சமயத்தில்.

இதற்கு 2018 டிசம்பரில் ஒரு பேட்ச் (கோடு திருத்தம்) வந்தது: செக்‌ஷன் முழுவதன் ஸ்ட்ரக்ட் பேஜ்களையும் இனிஷியலைஸ் செய்துவிடுவது, அதாவது தொடக்க மதிப்புகளை எழுதிவிடுவது. கேட்டால் சரி என்றுதான் தோன்றும். ஆனால் வேறொரு இயந்திரத்தில் பூட்டே ஆகவில்லை. பெரிய இயந்திரங்களில் மெமரி நியூமா நோடுகள் என்ற பகுதிகளாகப் பிரிந்திருக்கும். அங்கே நோடு 0, நோடு 1க்கும் சொந்தமான ஒரு செக்‌ஷனின் நடுவில் ஆரம்பித்தது. செக்‌ஷனை நிரப்பப் போன கோடு, அடுத்த நோடின் ஏற்கெனவே தயாரான ஸ்ட்ரக்ட் பேஜ்கள் மேலேயே எழுதிவிட்டது. ஒரு செக்‌ஷன் ஒரே நோடுக்குத்தான் சொந்தம் என்ற அனுமானம் எங்கும் சோதிக்கப்படாமல் உள்ளே உட்கார்ந்திருந்தது. 2019 தொடக்கத்தில் அந்த பேட்ச் திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பதிலாக, வாசிக்கும் ஃபங்ஷன்கள் ஜோனின் எல்லையைத் தாண்டாதபடி திருத்தப்பட்டன. என் பார்வையில் இது இன்னும் நேர்மையான தீர்வு. இல்லாத மெமரிக்கு விவரம் எழுதி வைப்பதைவிட அதைப் பார்க்காமல் இருப்பது மேல்.

இப்படிப்பட்ட கிராஷை நீங்கள் எடுத்துப் பார்க்கும்போது கால் ட்ரேஸோடு நிற்காதீர்கள். கிராஷ் செய்தியில் ஸ்ட்ரக்ட் பேஜின் உள்ளடக்கத்தைக் காட்டும் பேஜ் டம்ப்பில் எல்லா பிட்டும் 1 ஆக, ஹெக்ஸில் எஃப் எழுத்தாகவே வரிசை கட்டி நின்றால், அந்த ஸ்ட்ரக்ட் பேஜை யாரும் இனிஷியலைஸ் செய்யவில்லை என்று பொருள். கெர்னலின் விஎம் டிபக் ஆப்ஷன்களை (இங்கே விஎம் என்பது விர்ச்சுவல் மெமரி) இயக்கினால்தான் இந்த அடையாளம் கிடைக்கும். உடனே அந்த பேஜ் எண்ணைப் பூட் லாகில் உள்ள நோடு, ஜோன் எல்லைகளோடு ஒப்பிடுங்கள். எல்லைக்கு ஒட்டினாற்போல் விழுந்தால் பாதி வேலை முடிந்தது. நீங்களே கோடு எழுதுகிறீர்கள் என்றால், பேஜ் எண் செல்லுபடியாகிறதா என்று மட்டும் பார்த்துத் தொடாதீர்கள். ஆன்லைன் செக்‌ஷனா என்றும் பார்த்துத் தரும் பிஎஃப்என் டு ஆன்லைன் பேஜ் (பிஎஃப்என் என்பது பேஜ் எண்) ஃபங்ஷன் இருக்கிறது. சோதிக்கும்போது, விர்ச்சுவல் மெஷினை இயக்கும் க்யூஎம்யூவில் 4 ஜிபி, 8 ஜிபி என்று வட்டமான அளவுகளையே கொடுக்காமல் 2050 எம்பி, 3075 எம்பி என்று கோணலாகவும் கொடுத்துப் பாருங்கள்.