சர்க்கரை அளவு காட்டும் கடிகாரத்தை வாங்காதீர்கள்

காலில் ஆறாத புண்ணோடு அண்மையில் வந்த ஒரு மளிகைக் கடைக்காரர், "சுகரெல்லாம் கண்ட்ரோல்லதான் இருக்கு டாக்டர், தினமும் வாட்சுல பார்த்துட்டுதான் இருக்கேன்" என்று சொல்லிக் கைபேசியை என் முன் நீட்டினார். மூன்று மாதத்து அளவுகள் அதில் ஒரு கோடாக ஓடின. காலை, மதியம், இரவு என எந்த வேளையிலும் 105-க்குக் கீழே இறங்காமலும் 130-க்கு மேலே ஏறாமலும், கல்யாண விருந்து சாப்பிட்ட நாளுக்கும் சஷ்டி விரதம் இருந்த நாளுக்கும் வேறுபாடே தெரியாமலும் சென்ற அந்தக் கோட்டை நம்பி, அவர் காலை மாத்திரையைத் தாமாகவே நிறுத்தியிருந்தார். ஆய்வகத்தில் எடுத்த, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையில் 11.2 சதவீதம் வந்தது. அதாவது, அந்த மூன்று மாதங்களில் அவருடைய இரத்தச் சர்க்கரை சராசரியாக 275 மில்லிகிராமை ஒட்டி இருந்திருக்கிறது. கட்டைவிரலைக் காப்பாற்ற முடியுமா என்பது இதை எழுதும்போதும் உறுதியாகவில்லை.

ஆளும் கடிகாரமும் மாறுகின்றனவே தவிர, இந்தக் கதை மாறாமல் வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே ஸ்மார்ட்வாட்ச் வாங்க நினைப்பவர்களுக்கும், அதைவிட முக்கியமாகப் பெற்றோருக்கு வாங்கிக் கொடுக்க நினைப்பவர்களுக்கும், எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் சர்க்கரை. தோலைத் துளைக்காமல் தானாகவே இரத்தச் சர்க்கரையை அளப்பதாகக் கூறும் எந்த ஸ்மார்ட்வாட்சுக்கும், எந்த ஸ்மார்ட் மோதிரத்துக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. எந்த நிறுவனத்தின் பெயரில் விற்றாலும், எந்தப் பெயரைச் சூட்டினாலும் அந்த எச்சரிக்கை பொருந்தும் என்றும் சொன்னது. உலகின் மிகப் பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவிட்டும் சந்தைக்குக் கொண்டுவராத ஒரு வசதி, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க் கடிகாரத்தில் மட்டும் எப்படிக் கிடைக்கும் என்று வாங்குபவர் ஒருமுறை யோசித்தாலே போதும்.

"அடியில் பச்சை விளக்கு எரிகிறதே, அது இரத்தத்தைப் பார்க்கிறதே, அப்படியானால் சர்க்கரையையும் பார்க்காதா?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இந்த ஒரு தவறான எண்ணம்தான் எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டின் நுண்குழாய்களுக்குள் இரத்தம் கூடுதலாகப் பாயும்போது, திரும்பி வரும் ஒளி சிறிது குறைகிறது. அந்தக் குறைவுகளை எண்ணினால் நாடித்துடிப்பு கிடைத்துவிடும். ஆனால் குளுக்கோசுக்கு நிறமே இல்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் அதற்கு ஒரு மெல்லிய அடையாளம் உண்டு என்றாலும், தோலிலும் சதையிலும் நிறைந்திருக்கும் தண்ணீர், கொழுப்பு, புரதம் ஆகியவற்றின் அடையாளங்கள் அதே இடத்தில் அதைவிடப் பலமாக வந்து அதை மூழ்கடித்துவிடுகின்றன. 100 மில்லிகிராம் (100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு) என்று நாம் சொல்லும் அளவு, ஒரு லிட்டர் இரத்தத்தில் ஒரே ஒரு கிராம் குளுக்கோஸ். அது இரண்டு கிராம் ஆனதா என்பதை, வியர்வையும் தோலின் சூடும் பட்டையின் இறுக்கமும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் மணிக்கட்டின் மேலிருந்து கண்டுபிடிக்கப் பார்ப்பது, தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் முணுமுணுப்பதைக் கோபுரத்தின் உச்சியில் நின்று கேட்கப் பார்ப்பதைப் போன்றது.

அப்படியானால் திரையில் வரும் எண் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பெட்டியில் பதில் இருக்காது. வாங்கியவுடன் வயது, உயரம், எடை, சர்க்கரை நோய் உண்டா இல்லையா என்றெல்லாம் செயலி எதற்காகக் கேட்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். ஐயம் தீராதவர்கள், சாப்பாட்டுக்கு முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் அளந்து, அதே நேரத்தில் கடிகாரம் காட்டுவதோடு சில நாள்கள் ஒப்பிட்டுப் பாருங்கள். கடிகாரத்தைக் கழற்றித் தண்ணீர் பாட்டிலின் மேல் கட்டிப் பார்ப்பதும் ஒரு வழிதான். பாட்டிலுக்கும் பிபியும் சுகரும் காட்டுகிற கடிகாரங்கள் உண்டு.

வரலாறு தெரிந்தவர்கள் குளுக்கோவாட்சை நினைவூட்டக்கூடும். 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்தக் கருவி மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தித் தோலின் வழியாகத் திரவத்தை இழுத்து அளந்தது. அதைச் சரிப்படுத்திக்கொள்ள அப்போதும் விரலில் குத்தத்தான் வேண்டியிருந்தது. தோலில் எரிச்சலும் சிவப்பும் உண்டாக்கியதால் சில ஆண்டுகளில் அது சந்தையிலிருந்து மறைந்துவிட்டது. இன்று சிலருடைய கடிகாரத்தில் சர்க்கரை அளவு உண்மையாகவே தெரிகிறது என்றால், அவர்கள் மேற்கையில் லிப்ரே, டெக்ஸ்காம் போன்ற ஒரு சென்சாரை ஒட்டியிருப்பார்கள். தோலுக்கடியில் நுழையும் மெல்லிய இழையால் அளப்பது அந்தச் சென்சார்தான்; கடிகாரம் அதைத் திரையில் காட்டுவதோடு சரி. சென்சாரை ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு ஒருமுறையோ அதற்கு முன்போ மாற்ற வேண்டும், செலவும் அதிகம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களில் சிலருக்கு அந்தச் செலவு நியாயமானதே. அது உங்களுக்குத் தேவையா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், கடைக்காரரிடம் கேட்காதீர்கள்.

சர்க்கரை ஏறியிருப்பதை மறைப்பது மட்டும் இந்தப் போலி எண்ணின் கெடுதல் என்று நினைத்துவிட வேண்டாம். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிட நேரமாகி, உடம்பு நடுங்கி வியர்த்துக் கொட்டும் ஒருவருக்குச் சர்க்கரை 50-க்குப் போயிருக்கும்போது, கடிகாரம் 110 என்று காட்டினால் அவர் சர்க்கரைத் தண்ணீர் குடிக்காமல் படுத்துவிடுவார். அடுத்து நடப்பதை அவசரப் பிரிவில் பணியாற்றும் எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இரத்த அழுத்தத்துக்கு வருவோம். பட்டையில் காற்று நிறைந்து மணிக்கட்டை இறுக்கி அளக்கும் ஓம்ரான் ஹார்ட்கைடு, ஹுவாவே வாட்ச் டி போன்றவை வேறு வகை. அவற்றைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. இறுக்காமல் ஒளியை வைத்து மட்டும் 120/80 என்று எழுதிக் காட்டும் கடிகாரங்களைப் பற்றித்தான் சொல்கிறேன். சாம்சங் கடிகாரங்களில் உள்ள பிபி வசதிகூட, 28 நாள்களுக்கு ஒருமுறை கையில் கட்டும் பிபி கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்தால்தான் வேலை செய்யும். வீட்டில் பிபி கருவி இல்லாதவருக்கு அதனால் பயனில்லை, இருப்பவருக்கு அது பெரிதாகத் தேவையும் இல்லை. இப்படிப் பட்டை இறுக்காமல் அளக்கும் கருவிகளை உயர் இரத்த அழுத்தத்தைக் கண்டறியவோ சிகிச்சையைத் தீர்மானிக்கவோ பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய உயர் இரத்த அழுத்தக் கழகத்தின் 2023 வழிகாட்டுதல் கூறுகிறது. 2025-இல் ஆப்பிள் கொண்டுவந்த உயர் இரத்த அழுத்த எச்சரிக்கை, 30 நாள்களின் பதிவுகளைப் பார்த்து "உங்களுக்கு இருக்கலாம், பரிசோதித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்கிறது. எண் எதையும் காட்டுவதில்லை. தெரியாத எண்ணைச் சொல்லாமல் விட்டதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த எச்சரிக்கை வரவில்லை என்பதால் பிபி இல்லை என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். மேற்கையில் கட்டும் தானியங்கிக் கருவி சுமார் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. கையின் சுற்றளவுக்கு ஏற்ற பட்டையைப் பார்த்து வாங்குங்கள். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்காருங்கள். பேசாதீர்கள். காபி குடித்த கையோடு அளக்காதீர்கள்.

இவ்வளவு குறை சொன்னபின், கடிகாரம் உண்மையிலேயே உதவுகிற இடத்தைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. அந்த இடம் இதயத்தின் தாளம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக் கோளாறு பக்கவாதத்துக்கான வாய்ப்பை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குகிறது. அது வரும், போகும். நோயாளி கிளினிக்குக்கு வந்து படுத்துப் பத்து நொடி இசிஜி எடுக்கும் நேரம் பார்த்து ஒளிந்துகொள்ளும். நாள் முழுதும் மணிக்கட்டில் கிடக்கும் ஒரு கருவி அதைப் பிடிப்பதற்கு வாய்ப்பு அதிகம். ஆப்பிள் நிறுவனத்தின் நிதியுடன் சுமார் 4,19,000 பேரை வைத்து நடத்தப்பட்டு 2019-இல் வெளிவந்த ஆய்வில், நாடி ஒழுங்கற்றிருக்கிறது என்ற அறிவிப்பு 0.52 சதவீதத்தினருக்குத்தான் வந்தது. அவர்களில் மார்பில் ஒட்டும் இசிஜி பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதத்தினரிடம் அந்தக் கோளாறு பதிவானது. எனவே அறிவிப்பு வந்தால் அலட்சியமும் வேண்டாம், பதற்றமும் வேண்டாம், பரிசோதனைக்கு வாருங்கள். படபடப்பு வந்த நேரத்தில் கடிகாரத்தில் இசிஜி எடுத்து, அதைக் கோப்பாகச் சேமித்துக் கொண்டுவரும் நோயாளியைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சிதான். வாயால் விவரிக்க முடியாததை அந்தத் தாள் சொல்லிவிடும்.

உண்மையான இசிஜி வசதியை அடையாளம் காண ஓர் எளிய வழி இருக்கிறது. இடக்கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தின் திருகையோ பொத்தானையோ உலோக விளிம்பையோ வலக்கை விரலால் 30 நொடிகள் தொட்டுக்கொண்டிருக்கச் சொல்ல வேண்டும், ஏனெனில் மின்சுற்று இரு கைகளுக்கும் நடுவே இதயத்தின் வழியாக நிறைவடைந்தாக வேண்டும். மறுகையைத் தொடச் சொல்லாமலே இசிஜி கோடு வரைகிற கடிகாரம் படம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: கடிகார இசிஜி மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நாங்கள் பத்து மின்முனைகளை ஒட்டிப் பன்னிரண்டு கோணங்களில் பார்ப்பதில் ஒரே ஒரு கோணத்தைத்தான் அது பார்க்கிறது. ஆப்பிளின் செயலியே மாரடைப்பின் அறிகுறிகளைத் தான் தேடுவதில்லை என்று எழுதிக் காட்டுகிறது. அப்படியிருந்தும் நெஞ்சு அழுத்தத்தோடு, "வாட்ச் நார்மல் என்றுதான் சொன்னது" என்று காலை வரை காத்திருந்துவிட்டு வருகிறார்கள். நெஞ்சில் பாரம், இடக்கையிலோ தாடையிலோ வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சு முட்டல் என்றால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

ஆக்ஸிஜன் அளவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விரலில் மாட்டும் மருத்துவக் கருவியே கறுத்த தோலில் அளவைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதை 2020-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு எடுத்துக்காட்டியது. மணிக்கட்டில் அது இன்னும் தடுமாறும். நுரையீரல் நோயுள்ளவர்கள் கடிகாரத்தை நம்பாமல் விரல் கருவியை வைத்துக்கொள்வது நல்லது. தூக்கத்தின் மொத்த நேரத்தை ஓரளவு நம்பலாம். ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று பிரித்துத் தரும் கணக்கு ஊகமே. தூக்கத்துக்கு மதிப்பெண் குறைந்துவிட்டதே என்ற கவலையில் தூங்காமல் கிடப்பவர்களுக்கு நான் எழுதிக் கொடுக்கும் முதல் மருந்து, இரவில் கடிகாரத்தைக் கழற்றி வைப்பது. குறட்டையும் பகல் தூக்கமும் உள்ளவர்களுக்கு மட்டும், சாம்சங்கும் ஆப்பிளும் 2024-இல் அமெரிக்க அனுமதி பெற்ற, தூக்கத்தில் மூச்சு தடைபடுவதைச் சொல்லும் எச்சரிக்கை ஒரு பயனுள்ள தொடக்கமாகலாம்.

வாங்கும்போது பெரிய எழுத்து விளம்பரத்தை மட்டும் படிக்காமல், பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் "இது மருத்துவக் கருவி அன்று" என்று இருக்கிறதா என்று பாருங்கள். 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. அந்தப் பொடி எழுத்து எதற்காக என்பது இதிலிருந்து புரியும். அனுமதி என்பது கடிகாரம் முழுமைக்கும் கிடைப்பதில்லை, ஒவ்வொரு வசதிக்கும் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகக் கிடைப்பது. ஆகவே ஒரு நாட்டில் திறந்திருக்கும் வசதி இன்னொரு நாட்டில் பூட்டியிருக்கலாம். ஆப்பிள் வாட்சை ஐபோன் இல்லாமல் இயக்கத் தொடங்க முடியாது. சாம்சங் கடிகாரத்தின் இசிஜி வசதிக்குச் சாம்சங் கைபேசி வேண்டும். வேறு கைபேசி வைத்திருக்கும் அப்பாவுக்கு அதை வாங்கி அனுப்பினால் அந்த இசிஜி வசதி அவருக்குக் கிடைக்காது. பேஸ்மேக்கர் உள்ளவர்கள், உடற்கொழுப்பை மின்சாரத்தால் அளக்கும் வசதியைத் தொடவே கூடாது.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு, தனியாக வாழும் பெற்றோருக்காக வாங்குபவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தேவையானது அநேகமாக விழுந்தால் தெரிவிக்கும் வசதிதான். அது உள்ள கடிகாரத்தையே தேர்ந்தெடுங்கள். ஆப்பிள் வாட்சில் பிறந்த தேதியைச் சரியாகப் பதிந்தால் 55 வயதைக் கடந்தவர்களுக்கு அது தானாக இயங்கும். மற்றவற்றில் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்த்து வைக்க வேண்டும். தனி சிம் இல்லாத கடிகாரம், பொதுவாகக் கைபேசி அருகில் இருந்தால்தான் யாரையும் அழைக்கும் என்பதால், குளியலறைக்குப் போகும்போது கைபேசி எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே யோசியுங்கள். கடிகாரம் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பிபி கருவிக்கும் குளுக்கோமீட்டர் பட்டைகளுக்கும் ஒதுக்குங்கள். அவசரத் தொடர்பு எண்ணாக டாலஸில் தூங்கிக்கொண்டிருக்கும் உங்கள் எண்ணை மட்டும் பதிந்துவிட்டுப் போகாமல், மாற்றுச் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு அவருடைய எண்ணை முதலில் பதியுங்கள்.