விசாவில் இருப்பவருக்கும் வோட்டு உண்டு

போன மாதம் என் அலுவலகத்துக்கு வந்தவர் கைபேசியில் ஒரு தேதியைக் குறித்து வைத்திருந்தார். 2022 கடைசியில் பிரிட்டனுக்கு, முதியோரைப் பராமரிக்கும் கேர் ஹோம் வேலைக்கு வந்தவர். 2027 கடைசியில் ஐந்து வருடம் முடிகிறது, ஐ.எல்.ஆர். என்ற நிரந்தரக் குடியிருப்பு உரிமை கிடைத்துவிடும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார். "பதினைந்து வருஷம்னு சொல்றாங்களே மேடம், நிஜமா?" என்றார்.

நிஜம்தான், ஆனால் முழு நிஜம் அல்ல. நிரந்தரக் குடியிருப்புக்கான காத்திருப்பைப் பொதுவாக 10 வருடமாகவும், பட்டப்படிப்பு நிலைக்குக் கீழான வேலைகளுக்கு 15 வருடமாகவும் ஆக்கலாம் என்று 2025 நவம்பரில் அரசு முன்மொழிந்தது. கேர் வேலை இரண்டாவது வகையில் வருகிறது. ஏற்கெனவே இங்கே இருப்பவர்களுக்கும் பொருந்தும் என்பதுதான் வயிற்றைக் கலக்கும் வரி.

லண்டனில் குடிவரவு வழக்குகளைப் பார்க்கும் எனக்கும் இதில் ஒரு கருத்து உண்டு. எத்தனை பேரை உள்ளே விடுவது என்று முடிவெடுப்பது ஒரு நாட்டின் உரிமை. அதைக் கேட்பவர்களையெல்லாம் இனவெறியர் என்று சொல்ல மாட்டேன். 2010 தேர்தலில் டேவிட் கேமரூன் நிகரக் குடியேற்றத்தை, அதாவது வருடத்துக்கு உள்ளே வருபவர்களில் வெளியே போகிறவர்களைக் கழித்த எண்ணிக்கையை, சில பத்தாயிரங்களுக்குக் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்தார். 2023-இல் அது 9 லட்சத்தைத் தாண்டியது. மக்களுக்குக் கோபம் வராதா என்ன?

ஆனால் கேர் வேலைக்காரர்கள் சுவரேறிக் குதித்து வரவில்லை. 2022 பிப்ரவரியில் அரசே கதவைத் திறந்தது. 2024 மார்ச்சில் குடும்பத்தை அழைத்து வரக்கூடாது என்றது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்தியது. சரி, புதிதாக வருகிறவர்களுக்கு விதியை மாற்றிக்கொள்ளட்டும். பாதி வழி வந்தவரிடம் ஊரை இன்னும் தள்ளி வைத்துவிட்டோம் என்பது என்ன நியாயம்? 2006-இல் உயர்திறன் குடியேறிகளுக்கு நான்கு வருடத்தை ஐந்தாக்கியபோது, முன்பே வந்திருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2009-இல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அவர்களுக்குத் தரப்பட்ட உறுதிமொழிகள் வேறு, இப்போது இருப்பவை வேறு என்பதால், இந்த முறையும் அப்படியே நடக்கும் என்று வழக்குக்காக என்னிடம் வரும் யாரிடமும் நான் சொல்வதில்லை.

கட்சிகளோ ஒன்றையொன்று முந்தப் பார்க்கின்றன. 2025 மே மாதம் பிரதமர் ஸ்டார்மர், நாடு 'அந்நியர்களின் தீவு' ஆகிவிடலாம் என்று பேசினார், பிறகு அப்படிப் பேசியதற்கு வருந்தினார். செப்டம்பரில் ரிஃபார்ம் யூகே கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜ், ஆட்சிக்கு வந்தால் ஐ.எல்.ஆரையே ஒழிப்பேன் என்றார்.

இதையெல்லாம் சொன்னால் எதிரில் இருப்பவர்கள் பெருமூச்சு விட்டு, "நாம வெளிநாட்டுக்காரங்க, என்ன பண்ண முடியும்?" என்பார்கள். யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் இன்னும் நேராகவே கேட்டார்: "எங்களுக்கு எங்கயம்மா வோட்டு?"

இருக்கிறது அண்ணா. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள். செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசிக்கும் 18 வயதான காமன்வெல்த் குடிமக்கள் நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையில்லை, ஐ.எல்.ஆரும் தேவையில்லை. வேலை விசா, மாணவர் விசா எல்லாம் போதும். முப்பது வருடமாக இங்கே வாழும் பிரெஞ்சுக்காரருக்கு அந்த உரிமை இல்லை. பழைய சாம்ராஜ்யத்தின் மிச்சம் இது, நமக்கு வசதியான மிச்சம்.

வாக்காளர் பட்டியலுக்குப் பெயரை இணையத்தில் பதியச் சில நிமிடம் போதும். நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாள் முன்பே பதிவு முடிந்துவிடும், தேர்தல் அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தவறிவிடும். 'அரசுப் பணம் பெறக்கூடாது' என்று விசாவில் இருப்பதால் பலர் பயப்படுகிறார்கள். அது உதவித்தொகை பற்றியது, வோட்டைத் தொடாது. ஆனால் விசா இல்லாதவர்கள், அடைக்கலம் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள் தயவுசெய்து பதியாதீர்கள். தகுதி இல்லாமல் பொய் சொல்லிப் பதிவது குற்றம், குடிவரவு வழக்கையும் கெடுக்கும்.

ஒரு வோட்டால் என்ன ஆகும் என்பவர்களுக்கு ஹெண்டனைக் காட்டுவேன். வடமேற்கு லண்டன், நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் பக்கம். 2024 பொதுத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் 15 வோட்டு. எம்.பி.க்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பார்கள். உங்கள் ஐ.எல்.ஆர். பற்றி அவர்களுக்குக் கடிதம் எழுதும்போது, இந்தத் தொகுதி வாக்காளர் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

அந்த அண்ணா கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கவுன்சிலில இருந்து வருசா வருசம் ஒரு கடிதம் வரும். கவுன்சில் டாக்ஸ் எண்டு நினைச்சு உடைக்காமலே வச்சிருக்கிறன்," என்றார். அது வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் கடிதமாக இருக்கலாம் என்று, அடுத்த தடவை வரும்போது அதையும் எடுத்து வரச் சொல்லி அனுப்பினேன். வாக்குச்சாவடிக்குப் புகைப்பட அடையாளம் வேண்டும், அதற்கு இலங்கைப் பாஸ்போர்ட்டே போதும் என்றும் சொன்னேன்.