ஓடுகிற மெஷினைத் துடைக்கச் சொன்னது யார்?

போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பத்தொன்பது வயதுப் பையன். வலது கையில் கட்டு. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மேல் கணு இல்லை. பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் ஹெல்பர். பட்டறை ஒழுங்கைப் பார்க்கும் ஆடிட்டுக்கு ஆள் வரப்போகிறது, மெஷினெல்லாம் பளபளவென்று இருக்கணும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவனும் ஒரு கை பனியன் வேஸ்ட்டை எடுத்துக்கொண்டு துடைக்க இறங்கிவிட்டான், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே. ஓடினால் புல்லி தானாகச் சுற்றும், துணியை ஒரே இடத்தில் பிடித்தால் போதும், சுற்றிலும் துடைபட்டுவிடும். இது அவனாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. அவனுக்கு முன்னால் அந்த மெஷினில் நின்றவன் சொல்லிக்கொடுத்தது.

என்னைப் பார்த்ததும் முதலாளி கேட்ட முதல் கேள்வி: "சார், நீங்க சொன்ன 5எஸ்ஸைத்தானே செஞ்சோம்?" வேலையிடத்தை ஒழுங்கில் வைக்கும் ஐந்து படி முறைக்குத்தான் 5எஸ் என்று பெயர்.

பையனுக்கு இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டேன். செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வந்த கோபத்தை அங்கே காட்டவில்லை, இங்கே காட்டுகிறேன். மில்லில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சிறு பட்டறைகளுக்கும் ரைஸ்மில்களுக்கும் போய் 5எஸ் சொல்லிக்கொடுக்கிறேன். துடைக்கப் போய்க் கையைக் கொடுத்தவர்களில் நான் பார்க்கும் மூன்றாவது ஆள் இந்தப் பையன். மூன்று பேருக்கும் உற்பத்தி நேரத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. சுத்தம் செய்யும்போதுதான் போயிற்று.

ஆகவே பொறுமையாக, மறுபடி ஒருமுறை சொல்கிறேன். 5எஸ் என்பது கூட்டிப் பெருக்குவது இல்லை. பெயிண்ட் அடிப்பது இல்லை. ஸ்டிக்கர் ஒட்டுவதும் இல்லை. நம் ஊரில் இதை இன்னொரு ஆயுத பூஜை ஆக்கிவைத்திருக்கிறோம். பூஜைக்கு முந்தின நாள் லேத்தைத் துடைப்போம், ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு எடுப்போம், சந்தனம் குங்குமம் வைப்போம், வாசலில் வாழைக்கன்று கட்டுவோம், பொரிகடலை கொடுப்போம். பத்தே நாளில் பட்டறை பழைய கோலத்துக்குத் திரும்பிவிடும். பூஜைக்கு அது போதும், சரஸ்வதி வருஷத்துக்கு ஒரு நாள்தான் கேட்கிறாள். ஆடிட்டர் வருவதற்கு மூன்று நாள் முன்னால் இதையே செய்துவிட்டு, "எங்க கம்பெனியில 5எஸ் இருக்கு சார்" என்று சொன்னால் என்ன செய்ய?

ஜப்பான் தொழிற்சாலைகளில், டொயோட்டா போன்ற இடங்களில் வளர்ந்த முறை இது. செய்ரி, செய்டோன், செய்ஸோ, செய்கெட்ஸு, ஷிட்ஸுகே. நம் பேச்சில் சொன்னால்: வேண்டாததைக் கழி, வேண்டியதற்கு இடம் வை, சுத்தம் செய், செய்ததை முறையாக்கு, முறையைப் பழக்கமாக்கு. சுத்தம் ஐந்தில் ஒன்றுதான், அதுவும் மூன்றாவது. முதல் இரண்டையும் செய்யாமல் நேரே அதில் குதித்தால், வேண்டாத சாமானையும் சேர்த்துத் துடைத்து அழகாக அடுக்கிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

அந்த மூன்றாவதும் வீட்டில் ஒட்டடை அடிக்கிற சுத்தம் இல்லை. துடைப்பது ஒரு சாக்கு, மெஷினைக் கிட்டத்தில் பார்ப்பதற்கு. பேரிங் உட்கார்ந்திருக்கும் கூட்டைத் துடைக்கும்போது கிரீஸ் கறுத்து வெளியே வழிந்திருந்தால் சீல் போய்விட்டது. கியர்பாக்ஸுக்கு அடியில் நேற்று இல்லாத எண்ணெய்க் கோடு இன்று இருந்தால் இன்றே கவனிக்க வேண்டும். அடித்தள போல்ட்டைச் சுற்றிச் செம்மண் மாதிரி நைஸான பொடி படிந்திருக்கும். துரு என்று நினைத்துத் துடைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அந்த போல்ட் லூஸாகி, உள்ளுக்குள் உராய்ந்துகொண்டிருக்கிறது, அதுதான் அந்தப் பொடி. பெல்ட் ஓரத்தில் நூல் பிரிந்திருப்பதை ஓடும்போது எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. இதையெல்லாம் பார்க்க மெஷின் நின்றே ஆகவேண்டும். ஓடுகிற மெஷினைத் துடைப்பவன் ஆபத்தில் மட்டும் இல்லை, செய்ஸோ என்கிற அந்த மூன்றாவதையே அவன் செய்யவில்லை.

சட்டமும் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-வது பிரிவிலேயே இருந்ததுதான். ஓடும்போதே பார்த்தாக வேண்டிய வேலை, எண்ணெய் போட வேண்டிய வேலை என்றால் அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், அவருக்கு இறுக்கமான உடை நிர்வாகம் கொடுக்க வேண்டும், பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும் என்றது அந்தப் பிரிவு. தோளில் துண்டும் இடுப்பில் லுங்கியுமாக நிற்கும் ஹெல்பர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்.

சரி, இந்த 5எஸ் முறையால் பிரயோஜனமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இல்லாவிட்டால் இந்த வயதில் நான் ஏன் பஸ் ஏறி கங்கைகொண்டானுக்கும் ஆலங்குளத்துக்கும் அலைகிறேன்?

ஒரு லேத் பட்டறையில் ஒரு முற்பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்து ஒரே ஒரு ஃபிட்டரை மட்டும் பார்த்தேன். டீ குடிக்கப் போனதை நான் எண்ணவில்லை, ஸ்பேனர் தேடிப் போனதை மட்டும் எண்ணினேன். பதினொரு தடவை. அதில் ஏழு தடவை 12-13 ஸ்பேனருக்கு. எந்தப் பட்டறையிலும் முதலில் காணாமல் போவது அதுதான், ஏனென்றால் எட்டு எம்.எம். போல்ட்டின் தலை பதின்மூன்று, எல்லா மெஷினிலும் அந்த போல்ட்தான். கிடைக்காத ஆத்திரத்தில் பைப் ரிஞ்சைப் போட்டுத் திருகி போல்ட் தலையை மொண்ணையாக்கி வைத்திருந்தார்கள். நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு பிளைவுட் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரையும் வைத்து வரைந்து, அந்த உருவத்துக்குள் கறுப்பு அடித்து, ஆணி அறைந்து மாட்டினோம். 12-13 மட்டும் மூன்று வாங்கினோம். எடுத்தால் பலகையில் கறுப்பு நிழல் தெரியும், சாயங்காலம் ஷட்டரை இழுக்கும்போது ஒரு பார்வையில் எது வரவில்லை என்று தெரிந்துவிடும். மெஷின் மூடிக்குள் ஸ்பேனரை மறந்துவிட்டு மறுநாள் சுவிட்சைப் போடுகிற விபத்தும் அத்தோடு நின்றது. செலவு பிளைவுட்டும் மூன்று ஸ்பேனரும்தான்.

கெடுதலும் உண்டு. அதைச் சொல்லாமல் விற்கிற ஆலோசகர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நானே ஒரு கெடுதல் செய்திருக்கிறேன்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ்மில். அப்பாவிடமிருந்து மகன் பொறுப்பு எடுத்த புதிது. கோடையில், நெல் வராத மாதத்தில் கூப்பிட்டார். வேண்டுமா வேண்டாமா என்று சந்தேகமான சாமானுக்குச் சிவப்பு அட்டை கட்டித் தனியாக வையுங்கள், முப்பது நாளில் யாரும் எடுக்காவிட்டால் கழித்துவிடலாம் என்று சொன்னேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். முப்பதாம் நாள் எல்லாம் காயலான் கடைக்கு எடைக்குப் போயிற்று. பிசானப் பருவ நெல் அறுவடை வந்து லாரிகள் வரிசையில் நிற்கிற நேரம் பார்த்து, நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் மேல் புல்லி வெடித்தது. அதற்குப் பொருந்துகிற பழைய வார்ப்பட புல்லி அந்தச் சிவப்பு அட்டைக் குவியலில்தான் இருந்திருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து வேறு ஒன்று வந்து சேர நான்கு நாள். அங்கே முப்பது வருஷமாக இருக்கும் ஃபிட்டர் பெரியவர் கத்தவில்லை, சத்தம் போடவில்லை. "ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பம்லா மொதலாளி" என்றார். முதலாளியிடம்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

தாமிரபரணித் தண்ணீரை நம்பி ஓடுகிற மில்லுக்கு முப்பது நாள் கெடு எதற்கு ஆகும்? கார், பிசானம் இரண்டு பருவமும் ஒரு சுற்று வந்த பிறகுதான் எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரியும். இப்போதெல்லாம் அட்டையில் தேதிக்குப் பக்கத்தில் அங்கே வேலை பார்ப்பவரின் கையெழுத்தும் இல்லாமல் ஒரு ஆணியைக்கூட வெளியே போக விடுவதில்லை.

இன்னொரு கெடுதல், இது வேலையாளின் தலையில் ஏறி உட்கார்வது. ஐந்தாவதான ஷிட்ஸுகே என்பதை 'ஒழுக்கம்' என்று மொழிபெயர்த்துச் சுவரில் எழுதிவிட்டார்கள். அதை வைத்துக்கொண்டு சூப்பர்வைசர், "ஏலே, உனக்கு ஒழுக்கம் இருக்கா?" என்று ஆரம்பிக்கிறார். ஜப்பானில் அந்தச் சொல் பிள்ளையை நல்ல பழக்கத்தில் வளர்ப்பதற்குச் சொல்வது. தையலில், நிரந்தரத் தையல் கோணாமல் வர முதலில் தற்காலிகமாக ஓட்டிவைக்கும் நூலுக்கும் அதே பெயர்தான். நம்மிடம் வந்ததும் பிரம்பாகிவிட்டது. ஆபீஸ்களில் இன்னும் வேடிக்கை. மேஜையில் ஸ்டேப்ளருக்கு ஒரு கட்டம், தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு கட்டம். டெலிபோனில் 'டெலிபோன்' என்று லேபிள். பிள்ளை போட்டோவை எடு என்று சொன்ன ஒரு இடத்தையும் பார்த்திருக்கிறேன். அந்த போட்டோவால் எந்த ஃபைல் தாமதமானது?

நடக்கிற வழியைக் காட்டத் தரையில் போடும் மஞ்சள் கோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலிவான எனாமல் பெயிண்டைத் தரையில் அடித்து, அதன்மேல் தவிடோ எண்ணெயோ படிந்தால் வழுக்குப்பாறைதான். கோடு போட்டது ஆள் பத்திரமாக நடக்க, ஆள் விழுவது அந்தக் கோட்டின் மேல்.

சிறு தொழில்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் ஜெட் (ZED) தரச் சான்றிதழில், ஆரம்பப் படியான வெண்கல நிலைக்கே சுத்தமான பணியிடம் ஒரு தலைப்பு, பணியிடப் பாதுகாப்பு இன்னொரு தலைப்பு. இரண்டும் தனித்தனி. நம் ஆட்கள் முதலாவதற்கு போட்டோ எடுப்பதில் காட்டுகிற சுறுசுறுப்பில் பாதியை இரண்டாவதற்குக் காட்டினால் நான் வராந்தாவில் உட்கார வேண்டியிருந்திருக்காது.

இனி செய்ய வேண்டியது. மெஷினை நிறுத்திவிட்டுத் துடையுங்கள். நிறுத்துவது என்றால் சிவப்புப் பட்டனை அழுத்துவது மட்டும் இல்லை. மெயினை இறக்கி, அதில் ஒரு பூட்டுப் போட்டு, சாவி துடைக்கிறவன் சட்டைப் பையில் இருக்க வேண்டும். சூப்பர்வைசர் பையில் இல்லை, துடைக்கிறவன் பையில். பெரிய புல்லி சுவிட்சை அணைத்த பிறகும் சுற்றும், அது நிற்கிற வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். புல்லியை மறைக்கும் பாதுகாப்பு மூடியைக் கழற்றினால் மாட்டிவிட்டுத்தான் பூட்டைத் திறக்க வேண்டும். எண்ணெய் பட்ட பனியன் வேஸ்ட்டை மூலையில் குவிக்காதீர்கள், மூடி போட்ட தகர டின்னில் போட்டு அன்றன்றே அப்புறப்படுத்துங்கள். ரைஸ்மில்காரர்களே, கம்ப்ரஸர் காற்றை அடித்து உமித்தூசியைக் கிளப்புவதற்குப் பெயர் சுத்தம் இல்லை. பாதி உங்கள் ஆளின் நெஞ்சுக்குள் போகிறது, மீதி மறுபடி மோட்டார் மேலேயே படிகிறது.

கரண்ட் போன நேரத்தில் துடைக்கிறோம் சார், அப்போது மெஷின் நிற்கத்தானே செய்கிறது என்று கெட்டிக்காரத்தனமாகச் சொல்பவர்களைத் தயவுசெய்து கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், அதை நம்பிக் கையை வைக்காதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மதியம் இரண்டு மணி வரை மின்தடை என்று பேப்பரில் போட்டிருக்கும். வேலை சீக்கிரம் முடிந்தால் பன்னிரண்டரைக்கே கரண்ட் வரும். ஒழுங்கான ஸ்டார்ட்டராக இருந்தால், கரண்ட் வந்தாலும் பட்டனை அழுத்தாமல் மோட்டார் ஓடாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் யார் எழுந்து போய் அழுத்துவது என்று பச்சைப் பட்டனில் தீக்குச்சியைச் செருகி வைத்திருப்பீர்களே, அந்த ஸ்டார்ட்டர் யாரையும் கேட்காமல் கிளம்பும். நாளைக்குப் பட்டறைக்குள் போனதும் முதலில் அந்தக் குச்சியைப் பிடுங்கிப் போடுங்கள்.

நேற்றுச் சங்கரன்கோவிலிலிருந்து ஒருவர் போன் செய்தார். தறிக்கூடம் வைத்திருக்கிறார், 5எஸ் செய்யணும், மஞ்சள் பெயிண்ட் எத்தனை லிட்டர் வாங்கி வைக்கட்டும் என்று கேட்டார். பெயிண்ட் இருக்கட்டும் அண்ணாச்சி, முதலில் நல்ல பூட்டாக நாலு வாங்கி வையுங்கள் என்றேன்.

"எந்தக் கதவுக்கு சார்?" என்றார்.