கிராஸ்ரூட்ஸ்: புல்லின் வேருக்குத் தமிழில் என்ன பெயர்?

கட்சி ஆலோசனைக் கூட்டமோ, தொண்டு நிறுவனப் பயிற்சி வகுப்போ, 'கிராஸ்ரூட் லெவல்ல வேலை நடக்கணும்' என்று யாராவது ஒருவர் சொல்லாமல் முடியாது. எழுதும்போது அதையே 'அடிமட்ட அளவில்' என்று போட்டுவிடுகிறோம். பெரும்பாலான இடங்களில் அது போதும். அமெரிக்க அதிபர் தேர்தல் செய்தியைத் தமிழில் எழுதும்போதுதான் சிக்கல். 'கிராஸ்ரூட்ஸ் சப்போர்ட்' என்பது 'அடித்தட்டு மக்களின் ஆதரவு' ஆகிவிடுகிறது. படிக்கிறவர் மனதில் கூலித் தொழிலாளிகளும் குடிசைவாசிகளும் வந்து நிற்பார்கள். அசல் செய்தி பேசுவதோ கல்லூரி மாணவர்களையும் கணினித் துறைக்காரர்களையும் பற்றி.

சொல்லைப் பிரித்தால் கிராஸ் புல், ரூட் வேர். நெல், கரும்பு, மூங்கில், அறுகு எல்லாம் புல் இனம். இவற்றுக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். 'பிரச்சினையின் ஆணிவேர்' என்று நாம் சொல்லும்போது ஒரே ஒரு மூலத்தைச் சுட்டுகிறோம். புல்லின் வேரில் அப்படி ஒரு மூலம் இல்லை. ஆயிரம் இழைகள் மேல்மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அறுகம்புல்லைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தரையில் படும் கணு ஒவ்வொன்றும் தனியாக வேர்விடும். 'ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி' என்று மணமக்களை வாழ்த்துகிற ஊரில் இந்த உருவகம் புதிதல்ல. அதை அரசியலுக்கு எடுத்துப் போனவர்கள்தான் வேறு ஆட்கள்.

அமெரிக்காவில் இந்தச் சொல் பிரபலமானது முதலில் தங்கத்தால். 1874-இல் ஜார்ஜ் கஸ்டர் தலைமையில் ஒரு ராணுவப் படை பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதிக்குள் போனது. இன்றைய தெற்கு டகோட்டா மாநிலத்தில் இருக்கும் அந்த நிலம் 1868 ஒப்பந்தப்படி லகோட்டா என்ற பூர்வகுடி மக்களுக்கு உரியது. படை அங்கே தங்கத்தைப் பார்த்தது. 'புல்வேரிலிருந்தே தங்கம்' என்று செய்தித்தாள்கள் எழுதின, கூட்டம் கிளம்பிவிட்டது. ஆழமாகத் தோண்ட வேண்டாம், புல்லைப் பெயர்த்தால் போதும், அங்கேயே இருக்கிறது என்பதுதான் அந்தப் பேச்சின் பொருள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். கிராஸ்ரூட்ஸ் என்ற சொல்லில் உள்ள இடம் மண்ணின் மேற்பரப்பு. நாம் போடும் 'அடிமட்டம்' நேரெதிர், எல்லாவற்றுக்கும் கீழே உள்ள தட்டு. மாடியில் நிற்கிறவர் கீழே குனிந்து பார்த்துச் சொல்லும் சொல் அது. ஆங்கிலச் சொல்லில் மாடியே இல்லை.

அரசியலுக்குள் இந்தச் சொல் பெரிய அளவில் வந்தது 1912-இல். அந்த ஆண்டு குடியரசுக் கட்சி அதிபர் டாஃப்டையே மறுபடி வேட்பாளராக நிறுத்தியது. முன்னாள் அதிபர் தியோடர் ரூசவெல்ட் கோபித்துக்கொண்டு வெளியே வந்து முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார். ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த அதன் முதல் மாநாட்டில், இண்டியானாவின் முன்னாள் செனட்டர் ஆல்பர்ட் பெவரிட்ஜ், இந்தக் கட்சி புல்வேரிலிருந்து வந்தது, மக்களின் கடுமையான தேவைகள் என்ற மண்ணிலிருந்து முளைத்தது என்று பேசினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்சிக்குப் பணம் கொடுத்து நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டவர் ஜார்ஜ் பெர்கின்ஸ், ஜே.பி. மார்கன் வங்கியில் பங்குதாரராக இருந்தவர். சொல் பிறந்த வீட்டிலேயே கொஞ்சம் பொய் கலந்திருந்தது. தேர்தலில் ரூசவெல்ட் இரண்டாம் இடம் வந்தார், டாஃப்ட் மூன்றாம் இடத்துக்குப் போனார், உட்ரோ வில்சன் அதிபரானார்.

1935-இல் அதே குடியரசுக் கட்சிக்காரர்கள், அப்போதைய அதிபர் பிராங்க்ளின் ரூசவெல்ட்டை எதிர்ப்பதற்காக இலினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 'கிராஸ் ரூட்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு மாநாடு கூட்டினார்கள். அப்புறம் இந்தச் சொல்லை விடுவார் யாருமில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். புழக்கத்தில் இருப்பவை அடிமட்டம், அடித்தட்டு, அடித்தளம், கீழ்மட்டம், வேர்மட்டம். 'அடித்தட்டு' வறுமையைச் சொல்லும் சொல். ஏழைகளைப் பற்றிப் பேசாத இடத்தில் அது வரவே கூடாது. 'அடித்தளம்' கட்டடத்தின் கடைக்கால். 'கட்சியின் அடித்தளம் வலுவாக இருக்கிறது' என்றால் நிலையான வாக்கு வங்கி என்றுதான் புரியும், ஆங்கிலத்தில் 'பேஸ்' என்பார்களே, அது. 'வேர்மட்டம்' நல்ல முயற்சி, ஆனால் மொழிபெயர்ப்பு வாடை போகவில்லை. 'அடிமட்டத் தொண்டன்' நமக்கு நன்றாகவே பழகிய சொல்: போஸ்டர் ஒட்டுகிறவர், பூத்தில் உட்காருகிறவர். மாவட்டம், ஒன்றியம், கிளை என்று ஒரு கட்சி ஏணி இருந்தால்தான் அதன் அடியில் அவர் நிற்க முடியும். இலங்கையில் 'மட்டம்' என்றால் வெறும் நிலை, மாவட்ட மட்டம், தேசிய மட்டம் என்று இயல்பாகச் சொல்வார்கள். அங்கே பள்ளிப் பிள்ளையின் பையில் இருக்கும் அடிக்கோலுக்கும் 'அடிமட்டம்' என்றுதான் பெயர். தமிழ்நாட்டில் 'மட்டமான சரக்கு' என்ற வழக்கின் நிழலும் அந்தச் சொல்மேல் விழுகிறது.

ஏணியே இல்லாத இடத்தில் ஆதரவு கிளம்பினால் அதற்கு என்ன சொல்வது? ரான் பால் இதற்கு நல்ல உதாரணம். அப்போது டெக்சாஸ் மாநிலத்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் உறுப்பினர், தொழிலால் மகப்பேறு மருத்துவர். 2008 அதிபர் தேர்தலுக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஆக முயன்றார். இராக் போரை எதிர்த்தார், அமெரிக்க மத்திய வங்கியையே மூட வேண்டும் என்றார். கட்சித் தலைமைக்கு அவரைக் கண்டாலே ஆகாது. செய்திகளில் அவரை 'அவுட்சைடர்' என்பார்கள். இதை 'வெளியாள்' என்று எழுதினால் நமக்கு வெளியூர்க்காரர் தொகுதிக்குள் வந்து நிற்பதுபோல் கேட்கும். அவரோ பல முறை காங்கிரசுக்குத் தேர்வானவர். கட்சிக்குள்ளேயே ஒதுக்கப்பட்டவர் என்பதே சரி.

அவருக்காக 2007 நவம்பர் 5 அன்று ஒரே நாளில் 40 லட்சம் டாலருக்கு மேல் இணையத்தில் குவிந்தது. தேதியைக் குறித்ததும் ஆள் திரட்டியதும் பிரசாரக் குழு அல்ல, வெளியே இருந்த ஆதரவாளர்கள். இதற்கு 'மனி பாம்' என்று பெயர் வைத்தார்கள், பணவெடி என்று வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனின் வரியை எதிர்த்துப் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய நாளான டிசம்பர் 16-இல் மறுபடி ஒரு பணவெடி, இம்முறை சுமார் 60 லட்சம் டாலர். 'ரான் பால் யார்? கூகுளில் தேடுங்கள்' என்று எழுதிய ஓர் ஆகாயக் கப்பலையும் அவர்களே வாடகைக்கு எடுத்துப் பறக்கவிட்டார்கள். இவர்களில் யாரும் கிளைச் செயலாளர் இல்லை. இவர்களை 'அடிமட்டத் தொண்டர்கள்' என்று எழுதினால் அடிமட்டமும் தவறு, தொண்டரும் தவறு.

பிறகு 2008 ஜனவரி 8, நியூ ஹாம்ப்ஷயர் மாநில முதல்நிலைத் தேர்தல். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் நடக்கும் ஓட்டு இது. சாலையெங்கும் அவர் பெயர்ப் பலகை, இணையத்தில் எங்கே திரும்பினாலும் அவர் பெயர். எண்ணி முடித்தபோது சுமார் 8 சதவீதம், ஐந்தாவது இடம். ஆதரவாளர்களுக்கு நம்ப முடியவில்லை. கண்ணெதிரே இவ்வளவு ஆதரவு இருக்க, எண்ணிக்கையில் எங்கே போனது?

அந்த இரவே ஒரு தீப்பொறியும் கிடைத்தது. சட்டன் என்ற சின்ன ஊரின் முடிவில் ரான் பாலுக்குப் பூஜ்யம் என்று இருந்தது. அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள். விசாரித்தால், வாங்கியது 31 ஓட்டு. எண்ணியது சரி, எண்ணிக்கையைத் தாளில் எடுத்து எழுதியபோது அந்த வரி விட்டுப்போயிருந்தது. கை செய்த பிழை அது. பழி என்னவோ மெஷின்மேல் விழுந்தது.

விழுந்ததற்குக் காரணமும் இருந்தது. அந்த மாநிலத்தில் வாக்காளர் காகிதத்தில்தான் குறியிடுவார். சின்ன ஊர்களில் அதைக் கையால் எண்ணுவார்கள், பெரிய ஊர்களில் டைபோல்டு நிறுவனம் விற்ற ஸ்கேனர் எண்ணும். அந்த நிறுவனத்தின் தலைவர் வால்டன் ஓ'டெல், 2003-இல் குடியரசுக் கட்சிக்கு நிதி கேட்டு எழுதிய கடிதத்தில், ஒஹையோ மாநில வாக்குகளை அதிபர் புஷ்ஷுக்குப் பெற்றுத்தர உதவுவதில் தான் உறுதியாக இருப்பதாகச் சொல்லியிருந்தார். ஓட்டு மெஷின் விற்கிறவர் எழுதக்கூடிய கடிதமா அது? 2000 தேர்தலில் புளோரிடாவின் வொலூசியா மாவட்டத்தில் ஒரே ஒரு வாக்குச்சாவடியிலிருந்து ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோருக்கு மைனஸ் 16,022 ஓட்டு வந்து சேர்ந்தது. 2005 டிசம்பரில் அதே மாநிலத்தின் லியோன் மாவட்டத்தில், தேர்தல் அதிகாரியின் அனுமதியோடு ஹாரி ஹர்ஸ்தி என்ற கணினி வல்லுநர் ஒரு சோதனை செய்தார். டைபோல்டு ஸ்கேனரின் நினைவக அட்டையை முன்கூட்டியே மாற்றி வைத்துவிட்டு எட்டே எட்டு சீட்டுகளைப் போட்டார்கள். இரண்டு 'ஆம்', ஆறு 'இல்லை'. மெஷின் அச்சிட்டது ஏழு 'ஆம்', ஒரு 'இல்லை'. இதையெல்லாம் படித்திருந்தவர்களைச் சந்தேகப் பிராணிகள் என்று ஒதுக்க முடியாது.

ஆனால் மெஷினை ஏமாற்ற முடியும் என்பது ஒன்று, ஏமாற்றினார்கள் என்பது வேறு. அதே நாளில் ஜனநாயகக் கட்சியில் ஒபாமா ஜெயிப்பார் என்று கருத்துக் கணிப்புகள் சொல்ல, ஹிலாரி கிளின்டன் ஜெயித்தார். கையால் எண்ணிய ஊர்களில் ஒபாமா முன்னணி, மெஷின் எண்ணிய ஊர்களில் ஹிலாரி முன்னணி என்று ஒரு பட்டியல் பரவியது. மெஷின் வைத்திருந்தவை நகரங்கள், கையால் எண்ணியவை கிராமங்கள். இரண்டிலும் மக்கள் வேறு, விருப்பம் வேறு. காகிதம் கையில் இருந்ததால் மறுஎண்ணிக்கை கேட்க முடிந்தது. ஜனநாயகக் கட்சியில் போட்டியிட்ட டென்னிஸ் குசினிச் கேட்டார், குடியரசுக் கட்சிப் பக்கமும் கேட்டார்கள். மறுபடி எண்ணிய இடங்களில் சில்லறை வித்தியாசம்தான் வந்தது.

என் பார்வையில், இந்தக் கொதிப்பில் ஒரு பங்கு கிராஸ்ரூட்ஸ் என்ற சொல்லுக்கே உண்டு. ஆதரவு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் அது சொல்கிறது, எவ்வளவு வருகிறது என்பதை அல்ல. பத்து பேர் தாமாகக் கிளம்பினாலும் அது கிராஸ்ரூட்ஸ்தான். புல்வெளி என்ற படம் மனதில் விழுந்ததும் பரப்பளவும் சேர்ந்தே விழுந்துவிடுகிறது. 'மக்கள் ஆதரவு' என்று தமிழில் எழுதினால் இந்த மயக்கம் இன்னும் கூடும்.

அதனால்தான் 'தன்னெழுச்சி' எனக்குப் பிடித்த சொல். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் கூடியபோது நாளிதழ் முதல் டீக்கடை வரை எல்லா இடத்திலும் புழங்கிய சொல் இது. யாரும் கூப்பிடாமல், எந்தக் கட்சியும் வண்டி வைக்காமல் வந்தது என்ற பொருள் அதில் தெளிவாக இருக்கிறது. எவ்வளவு பேர் என்ற பேச்சு அதில் இல்லை. 'ரான் பாலுக்குக் கிளம்பிய தன்னெழுச்சி ஆதரவு' என்றால் பொருள் கச்சிதமாக உட்காருகிறது. குறையும் உண்டு. எழுச்சி என்றாலே திடீரென்று பொங்குவது. பத்து வருடம் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்த ஒரு தொழிற்சங்க வேலையை அப்படிச் சொல்ல முடியாது. அங்கே 'அடிமட்ட அமைப்பு வேலை' என்பதே பொருந்தும், அல்லது 'ஊர் ஊராகச் செய்த வேலை'.

இதன் போலிக்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு, ஆஸ்ட்ரோடர்ஃப். ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் மூடிய விளையாட்டரங்கம். ஒளி புகும் பிளாஸ்டிக் கூரையில் வெயில் கண்ணைக் கூசியதால் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை என்று கூரைக்குச் சாயம் அடித்தார்கள், உள்ளே இருந்த புல் செத்துப்போனது. 1966-இல் மான்சாண்டோ நிறுவனத்தின் செயற்கைப் புல்லைப் பரப்பினார்கள், அரங்கின் பெயரே புல்லுக்கும் வந்தது. 1985-இல் டெக்சாஸ் செனட்டர் லாய்டு பென்ட்சன், காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்பாடு செய்து மக்கள் எழுதியதுபோல் அனுப்பிய கடிதக் குவியலைப் பார்த்து, டெக்சாஸ்காரனுக்குப் புல்வேர் எது, ஆஸ்ட்ரோடர்ஃப் எது என்று தெரியும் என்றார்.

இதற்கு 'செயற்கைப் புல்' என்று போட்டால் தமிழில் ஒன்றும் புரியாது. நமக்கு இந்தச் சரக்கு நன்றாகவே தெரியும், சொல்லும் கைவசம் இருக்கிறது: தானாக வந்த கூட்டம், கூட்டிவந்த கூட்டம். பேச்சில் 'செட்டப்' என்போம். கட்டுரையில் 'ஏற்பாட்டு ஆதரவு' என்று எழுதலாம், கூலிக்கு ட்வீட் போடுகிறவர்கள்வரை அதில் அடங்குவார்கள். 1912 சிகாகோ மாநாட்டை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று கேட்டால், பேச்சு தன்னெழுச்சி, பில் ஏற்பாடு.