பச்சை விளக்கில் தொலையும் விநாடிகள்

மலேசியாவில் பந்திங், ஜெஞ்சாரோம் என்று கூட்டரசு சாலை 5-ஐ ஒட்டி வளர்ந்த ஊர்களில் ஒரே சாயலில் ஒரு சிம்பாங், அதாவது சாலைச் சந்திப்பு, இருக்கும். முன்பு தோட்டத்துக்குள் போன மண்சாலை, பெரிய சாலையில் வந்து முட்டிய இடம் அது. இப்போது உள்ளே வரிசையாகத் தாமான் குடியிருப்புகள், முனையில் ரொட்டி சானாய் கடை, கொஞ்சம் தள்ளித் தமிழ்ப்பள்ளி. காலையிலும் மாலையிலும் அங்கே வண்டி நகராது. யாரைக் கேட்டாலும் சாலையை அகலப்படுத்த வேண்டும் என்பார்கள். பல இடங்களில் அது காசைக் கொட்டும் வேலை என்பது என் கட்சி. அங்கே பற்றாக்குறையாக இருப்பது பெரும்பாலும் விநாடிகள்தான்.

விளக்கு இல்லாத சிம்பாங்கை முதலில் எடுத்துக்கொள்வோம். தாமானிலிருந்து வந்து வலப்பக்கம் திரும்புகிறவருக்கு, இரு திசை வண்டிகளுக்கும் நடுவே ஏறத்தாழ 6 விநாடி இடைவெளி வேண்டும். பெரிய சாலையில் இரு திசையும் சேர்த்து மணிக்கு 600 வண்டிகள் ஓடினால் சராசரி இடைவெளியே 6 விநாடிதான். ஆனால் வண்டிகள் அளந்து வைத்தாற்போல் வருவதில்லை. மூன்று ஒட்டி வரும், அப்புறம் சிறிது நேரம் ஒன்றும் வராது. இப்படித் தற்செயலாக வருவதற்கும் நிகழ்தகவுக் கணக்கு உண்டு. அதன்படி நூற்றில் 37 இடைவெளிகள் 6 விநாடியைத் தாண்டும். மணிக்கு 220 வாய்ப்புகள். வண்டிகள் 1,200 ஆனால் நூற்றில் 13 அல்லது 14 மட்டுமே தாண்டும். இடைவெளிகளின் எண்ணிக்கை இரட்டித்தும் வாய்ப்பு 160 ஆகச் சுருங்கிவிடுகிறது. இரண்டு கார்கள் அடுத்தடுத்து நுழையக்கூடிய நீண்ட இடைவெளிகள் இன்னும் வேகமாக மறையும். பொறுமை இழந்தவர் 4 விநாடிச் சந்தில் பாய்வது இந்தக் கட்டத்தில்தான்.

சரி, சமிக்ஞை விளக்கு போட்டாயிற்று. பச்சை விழுந்ததும் முதல் வண்டி கிளம்ப ஓரிரு விநாடி போகும். அதன்பின் ஒரு தடத்தில் சுமார் 2 விநாடிக்கு ஒரு கார் நிறுத்தக் கோட்டைத் தாண்டும். அதாவது மணி முழுக்கப் பச்சையே எரிந்தாலும் 1,800 கார். பாதி நேரம்தான் பச்சை என்றால் 900. கோட்டருகே ஒரே தடம் இருக்கும்வரை, அதற்கு முந்திய இரண்டு கிலோமீட்டரை ஆறு தடமாக்கினாலும் இந்த 900 மாறாது. அகலமான இடத்தில் வரிசை கட்டி நிற்கலாம், அவ்வளவுதான்.

ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் பச்சை மாறும்போதெல்லாம் சுமார் 4 விநாடி யாருக்கும் பயன்படாமல் போகிறது: மஞ்சளின் கடைசிப் பகுதி, எல்லாப் பக்கமும் சிவப்பு, கிளம்பும் தாமதம். நான்கு கட்டமாக மாறும் விளக்கில், ஒரு சுற்றுக்கு 16 விநாடி வீண். பிரிட்டிஷ் ஆய்வாளர் வெப்ஸ்டர் 1958-இல் இதற்கொரு சூத்திரம் தந்தார். வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி, 5 கூட்டி, சந்திப்பில் மிச்சமிருக்கும் திறனின் பங்கால் வகுத்தால், காத்திருப்பு மிகக் குறைவாக இருக்கும் சுற்றின் நீளம் கிடைக்கும். திறனில் 75 விழுக்காடு நிரம்பியிருந்தால் 29-ஐ 0.25-ஆல் வகுக்க வேண்டும்: 116 விநாடி. 85 விழுக்காடு நிரம்பினால் அதே 29-ஐ 0.15-ஆல்: 193 விநாடி. புதிதாக ஒரு தாமானுக்குச் சாவி கொடுத்ததும் நேற்றுவரை சமாளித்த சிம்பாங் திடீரென்று திணறுவதற்குக் காரணம் இந்த வகுத்தல்தான். இது மறுபக்கமும் வேலை செய்யும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 75 விழுக்காட்டிலேயே நான்கு கட்டத்தை மூன்றாக்கினால் 116 விநாடி 92 ஆகிறது.

தோட்டப்புற ஊரில் இன்னொரு சிக்கல், செம்பனைக் குலை ஏற்றிய லோரி. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கப் பார்ப்பார்கள்; பிந்தினால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். ஆகவே நெரிசல் நேரத்தில் வராதே என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. பாரம் ஏற்றிய லோரி வரிசையின் முதலில் நின்றுவிட்டால், அது ஊர்ந்து கிளம்பும் நேரத்தில் இரண்டு மூன்று கார்களுக்கான பச்சை போய்விடும்.

ரொட்டி சானாய் கடைக்கு முன்னால் நிறுத்திய காரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 30 விநாடிப் பச்சையில் ஒரு தடம் சுமார் 14 கார்களை விடும். கோட்டுக்கு இருபது மீட்டர் பின்னால் ஒரு கார் நின்றால், அந்தத் தடத்தில் அதற்கு முன்னால் மூன்று கார்களுக்கே இடம். பின்னால் வருகிறவர்கள் அடுத்த தடத்தில் முண்டுவார்கள். தே தாரிக் குடிக்க ஒருவர் நிறுத்தியதால், ஒவ்வொரு சுற்றிலும் பதினோரு கார்களின் இடம் காலி. கோட்டுக்கு முந்திய அறுபது, எழுபது மீட்டரில் யாரும் நிறுத்தாமல் பார்த்துக்கொள்வதைவிட மலிவான சீரமைப்பு எனக்குத் தெரியவில்லை. பள்ளி விடும் நேரத்தில் வெளியேறும் பக்கத்துக்கும் இது பொருந்தும். போகும் வழி அடைத்திருந்தால் பச்சை எரிந்தும் பயனில்லை. சந்திப்பின் நடுவே தரையில் மஞ்சள் கட்டம் போடுவது அதற்காகத்தான்.

அடுத்தது வலப்பக்கம் திரும்புகிறவர்களுக்குத் தனித் தடம். அது இல்லாவிட்டால், எதிர் வண்டிக்குக் காத்திருக்கும் ஒரே கார் நேராகப் போகும் அத்தனை பேரையும் நிறுத்திவிடும். நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது: நிற்கும் கார் ஒன்றுக்கு ஆறேழு மீட்டர், பத்து கார் சேரும் இடமென்றால் எழுபது மீட்டர் வேண்டும். அதற்கு இடமில்லையா? வலத் திருப்பத்தையே தடுத்து, தாண்டிப்போய் யூ-டர்ன் அடிக்க விடலாம். முச்சந்தியில் வண்டிகளின் பாதைகள் பிரிவதும் சேர்வதும் குறுக்கிடுவதுமாக மோதல் புள்ளிகள் 9. இடப்பக்கம் மட்டும் நுழைந்து வெளியேறினால் 2. ஆனால் யூ-டர்ன் இடம் வெகுதூரம் இருந்தால், மோட்டார் சைக்கிள்கள் சாலையோரமாக எதிர்த்திசையில் வரும். நம்மவர்களைத் தெரியாதா? புலாத்தானும் (வட்டச் சந்திப்பு) நல்லதுதான், நாற்சந்தியின் 32 மோதல் புள்ளிகளை 8 ஆக்கும். காலையில் ஊரே கிள்ளான் பக்கம் போகும் இடத்தில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு கிளையின் வெள்ளம் அடங்காவிட்டால் அடுத்த கிளைக்கு இடைவெளியே கிடைக்காது.

கடைசியாக, கோட்டருகே தாரில் செவ்வகமாக வெட்டி அடைத்த கோடு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே கம்பிச் சுருள். அது எடையை உணர்வதாகப் பலர் நம்புகிறார்கள். உண்மையில் அதில் மாறுமின்னோட்டம் ஓடுகிறது. மேலே உலோகம் வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும், சுருளின் தூண்டல் குறையும், வண்டி வந்திருப்பதை விளக்கை இயக்கும் பெட்டி அறிந்துகொள்ளும். யாரும் வராத கிளைக்குப் பச்சை தராமல் தாண்டிப் போக முடிவது இதனால்தான். மோட்டார் சைக்கிளில் உலோகம் குறைவு. சக்கரம் அந்த வெட்டுக்கோட்டின் மேலேயே நின்றால் கண்டுபிடிக்க வாய்ப்பு அதிகம். சாலையைத் தோண்டும்போது சுருள் அறுந்துவிட்டால், பெட்டி பொதுவாக அங்கே எப்போதும் வண்டி நிற்பதாகவே எடுத்துக்கொள்ளும். நள்ளிரவில் ஆளில்லாத தாமான் சாலைக்குச் சுற்றுக்குச் சுற்று முழுப் பச்சை விழுந்தால் அது ஓர் அறிகுறி. புகார் கொடுக்கும்போது எந்தத் தடம், எத்தனை மணி என்று சேர்த்துச் சொன்னால், பழுது பார்க்க வருகிறவர் நேராக அந்தச் சுருளுக்கே போவார்.