நாவலில் வரும் காயம் நம்முடையதாக இருந்தால்

காதல் முறிந்த அக்கா, குடும்ப மானத்துக்காக வாயை மூடிக்கொண்ட தம்பி, வீட்டில் யாருமே பேசாத ஒரு பழைய சம்பவம். இப்படிப்பட்ட நாவல்களைத் தேடிப் போய் வாசிப்பவர்களில் கணிசமானோர் அந்தக் கதைக்குள் முன்பே வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு வாசிப்பு மருந்தாகவும் அமையலாம், புண்ணைக் கீறியும் விடலாம். எந்தச் சமயத்தில், எப்படி வாசிக்கிறோம் என்பதுதான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது.

கனமான கதை என்று தெரிந்தால் முடிவை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சுவை போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2011இல் நடந்த ஆய்வில், முடிவை முன்பே அறிந்தவர்கள் சிறுகதைகளைக் கூடுதலாகவே ரசித்தார்கள். காயம்பட்ட மனதுக்கு இதில் இன்னொரு பலனும் உண்டு. அடுத்த பக்கத்தில் என்ன வருமோ என்று உடம்பு விறைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

முடிவு முக்கியம் என்று சொல்ல வலுவான காரணம் இருக்கிறது. 1774இல் ஜெர்மன் எழுத்தாளர் கோதே எழுதிய நாவலில், காதல் கைகூடாத வெர்தர் என்ற இளைஞன் தன் உயிரை மாய்த்துக்கொள்வான். வாசகர்களும் அந்த வழியில் போய்விடுவார்கள் என்ற அச்சத்தில் லைப்சிக் நகரம் 1775இல் அதைத் தடை செய்தது. இருநூறு ஆண்டு கழித்து, 1974இல், அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் ஃபிலிப்ஸ் தற்கொலைச் செய்திகள் நாளிதழில் பெரிதாக வந்தபின் தற்கொலைகள் கூடுவதைக் காட்டி, அதற்கு ‘வெர்தர் விளைவு’ என்று பெயர் வைத்தார். 2010இல் வியன்னா ஆய்வாளர்கள் இதன் மறுபக்கத்தைக் கண்டார்கள்: அந்த எண்ணம் வந்தும் நெருக்கடியைத் தாண்டி வாழ்ந்தவர்களைப் பற்றிய செய்திகளை ஒட்டி எண்ணிக்கை குறைந்திருந்தது. இதற்குப் ‘பாப்பகேனோ விளைவு’ என்று பெயர். மோட்சார்ட்டின் இசை நாடகத்தில் காதலியை இழந்துவிட்டோம் என்று உயிர்விடத் துணியும் பாப்பகேனோவை மூன்று சிறுவர்கள் தடுத்து வேறு வழி காட்டுவார்கள். இரண்டு ஆய்வுகளும் செய்திகளைப் பற்றியவைதான். ஆனாலும் பிரிவு நடந்து சில வாரங்களே ஆனவர்களும், முன்பு எப்போதாவது உயிரை விடத் தோன்றியவர்களும், பாத்திரம் பிழைத்து எழும் கதையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மற்றதைப் பிறகு வாசித்துக்கொள்ளலாம்.

பிரிவின் தொடக்கத்தில் கவனம் நிற்காது. ஒரே பக்கத்தையே நான்கு முறை படித்துக்கொண்டிருந்தால் மனம் கதையில் இல்லை, பழைய வாட்ஸ்அப் உரையாடலில் இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் போதும், மூடிவிடுங்கள். படுக்கையில் படுத்து வாசிப்பதைத் தவிருங்கள். களைத்த மூளை ஒரே எண்ணத்தைத் திரும்பத் திரும்ப அரைக்கும், கிளம்பிய துக்கத்தைப் பகிர அந்த நேரத்தில் விழித்திருக்கும் ஆளும் இருக்காது. மாலை வெளிச்சம் இருக்கும்போதே வாசித்து முடித்துவிட்டால் நல்லது.

இத்தகைய நாவல்களில் மிக நுட்பமாக உறுத்துவது குடும்ப விசுவாசம். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் இவான் போசோர்மேனி நாஜ் குடும்பத்தை ஒரு பேரேடாகப் பார்த்தார். கொடுத்ததும் பெற்றதும் தலைமுறை தாண்டி அதில் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும், தாய்தகப்பன் அடைக்காத கணக்கைப் பிள்ளை அறியாமலேயே அடைக்கத் தொடங்கும் என்றார். குடிக்கும் அப்பாவிடமிருந்து அம்மாவைக் காக்கும் பத்து வயதுப் பையன் ஒரு காவலாளியின் வேலையைப் பார்க்கிறான். வளர்ந்தபின் தன் காதலை விட்டுக்கொடுப்பதும் அந்த வேலையின் நீட்சியாகவே அவனுக்குத் தோன்றும். நாவல் அதைத் தியாகம் என்று கொண்டாடினால் வாசகர் தன் வலியையே தவறாக நினைக்கிறார். ‘பெத்தவங்களை எதுத்துப் பேசுறதா’ என்ற குற்றவுணர்வில் புத்தகத்தை வீசியெறிபவர்களும் உண்டு.

அப்போது ஒரு நோட்டை எடுத்து மூன்று பத்தி போடுங்கள். இந்த வீட்டிலிருந்து எனக்குக் கிடைத்தது, நான் கொடுத்தது, என் பெயரில் எழுதப்பட்ட பிறர் கடன். மூன்றாவது பத்தியில்தான் பேனா நிற்கும். நிற்கட்டும், ஒரே நாளில் நிரப்ப வேண்டியதில்லை. முதல் பத்தியைக் காலியாக விட்டுவிடவும் வேண்டாம். பெற்றவர்கள் மேல் அன்பும் கோபமும் ஒன்றாக இருக்கலாம் என்பதைப் பலர் அந்தத் தாளில்தான் முதன்முறை பார்க்கிறார்கள்.

சிறுவயது வன்முறை, பாலியல் அத்துமீறல் போன்றவற்றைச் சந்தித்தவர்கள் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நினைவு வந்து அழுவது வேறு, அந்தச் சம்பவம் இப்போதே நடப்பதுபோல உடம்பு உணர்வது வேறு. கைகால் சில்லிடும், மூச்சு மேலோடு நிற்கும், சுற்றியுள்ள சத்தம் தூரத்தில் கேட்கும், அறையே நிஜமில்லாததுபோலத் தெரியும். அந்தக் காட்சியை முடிக்க முயலாதீர்கள். புத்தகத்தை மூடி, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காருங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு தொட்டு உணரும் நான்கு, காதில் விழும் மூன்று, மூக்குக்குத் தெரியும் இரண்டு, நாவுக்குத் தெரியும் ஒன்று. நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். தலை சுற்றினால் எண்ணுவதை நிறுத்திவிட்டு முகத்தில் குளிர்ந்த தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். இன்றைய தேதியையும் உங்கள் வயதையும் உரக்கச் சொல்வதும் உதவும்.

‘பல்லைக் கடிச்சுப் படிச்சு முடிச்சா பயம் போயிடும்’ என்ற நம்பிக்கை ஆபத்தானது. சிகிச்சையிலும் பழைய நினைவை எதிர்கொள்ள வைப்பார்கள்தான். ஆனால் படிப்படியாக, பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்க, எங்கே நிறுத்துவது என்று பேசிவைத்துக்கொண்டு செய்வார்கள். அதற்காக நினைவூட்டும் எல்லாவற்றையும் ஆயுள் முழுக்க ஒதுக்குவதும் சரியில்லை, ஒதுக்க ஒதுக்க அச்சம் வேரூன்றும்.

வாசித்தபின் எழுதுவது பலருக்கு உதவுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வின் முறை எளிது: தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், எழுத்துப்பிழை பார்க்காமல், நடந்ததையும் அதன்மேல் உள்ள உணர்வையும் சேர்த்து எழுதுவது. எழுதி முடித்த கையோடு மனம் கனக்கும், அது எதிர்பார்க்க வேண்டியதே. தாங்க முடியவில்லை என்றால் அந்த விஷயத்தை விட்டு வேறொன்றை எழுதலாம். பிரிந்த மறுநாளே இதைத் தொடங்க வேண்டாம், எழுதியதை ஃபேஸ்புக்கில் போடவும் வேண்டாம். முகம் தெரியாதவர்களின் தீர்ப்பு அந்தப் பக்கங்களுக்குத் தேவையில்லை.

மனம் உடைந்த தோழிக்கு ‘உன் கதை மாதிரியே இருக்கு’ என்று நாவலைப் பரிசளிக்குமுன், அதில் என்ன வருகிறது என்று சொல்லி, இப்போது வேண்டுமா என்று கேளுங்கள். வாசகர் வட்டம் நடத்துபவர்கள் ‘உங்களுக்கு இப்படி நடந்திருக்கா?’ என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. பாத்திரத்தைப் பற்றியே பேசுங்கள், சொல்ல விரும்புகிறவர் தானே சொல்வார்.

இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றாலோ, பழைய காட்சிகள் ஒரு மாதத்துக்கும் மேலாகத் துரத்தினாலோ மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே பேசிவிட வேண்டும். இந்தியாவில் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் 14416 எந்நேரமும் இயங்கும் இலவச எண், தமிழிலும் பேசலாம். தற்கொலைத் தடுப்பில் ஈடுபட்டுள்ள சென்னை ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் மனநல உதவி எண் 1926. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்தான் பலர் ஃபோனை வைத்துவிடுகிறார்கள். ‘ஒரு கதை படிச்சேன், அதிலேருந்து மனசு சரியில்ல’ என்று தொடங்குங்கள். மீதியை எதிர்முனையில் இருப்பவர் நிதானமாகக் கேட்டு வாங்கிக்கொள்வார்.